டவுனா, கடைக்கோடிக் கிராமமா?

நேயர்களுக்கு வணக்கம்.

டெல்டாவில் குடியிருப்பவர்களுக்கு வருஷம் தவறாமல் ஒரு போன் வரும். சென்னையிலோ கோவையிலோ இருக்கிற அத்தை மகன் பேசுவார். "லீவுக்குக் குடும்பத்தோட வரோம். தஞ்சாவூர், கும்பகோணம்னு ரூம் போட்டுச் சுத்தலாமா, இல்ல கூட்டமே இல்லாத ஊர்ப்பக்கம் எங்கேயாவது போயிடலாமா?" உடனே நாம் என்ன செய்கிறோம்? பச்சை வயல், வாய்க்கால், பம்ப்செட் குளியல் என்று கிராமத்துக்கே ஓட்டுப் போட்டுவிடுகிறோம். சொந்த ஊர்ப் பெருமை, வேறென்ன!

நான் இரண்டு விஷயம் திருப்பிக் கேட்பேன். எந்த மாசம் வருகிறீர்கள்? எத்தனை ராத்திரி தங்குவீர்கள்? யாருக்கு எது பிடிக்கும் என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

மாசத்தை ஏன் கேட்கிறேன் என்றால், மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். அதிலும் கல்லணை தாண்டி, வாய்க்கால் முடிகிற கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் வந்து சேர மேலும் நாளாகும். தண்ணீர் தாமதமான வருஷத்தில் பல இடங்களில் குறுவை நெல் சாகுபடியே இருக்காது. பள்ளிக்கூட லீவோ ஏப்ரல், மே. அப்போது வெண்ணாற்றில் மணல்தான் ஓடும். போர்வெல் போட்ட இடத்தில் கொஞ்சம் பச்சை தெரியும், பருத்தி நிற்கும். உளுந்து எடுத்த வயல் வெடித்துக் கிடக்கும். சினிமாவில் பார்த்த தஞ்சாவூரைத் தேடி வந்த பிள்ளைகள், பத்து மணி வெயிலுக்கே திண்ணையில் உட்கார்ந்து போனை நோண்ட ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

அதனால் மே மாசம் வருகிறவர்களுக்கு என் பதில் டவுன்தான். டவுனிலும் வெயில் உண்டு. ஆனால் காலையும் மாலையும் அங்கே நிறைய வேலை இருக்கிறது. பெரும்பாலான கோயில்களில் மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். அந்த நேரத்துக்கு ரூமில் படுத்துத் தூங்குங்கள். விடிந்ததும் தாராசுரம், பொழுது சாய்ந்ததும் பெரிய கோயில். பெரிய கோயில் 1987-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் 2004-ல். நம் ஊர் ஜனங்கள் பட்டியலுக்காகவா அங்கே போகிறார்கள்? சாயங்காலம் காற்று வாங்கப் பெரிய கோயிலுக்குள் போய் உட்காருவது தஞ்சாவூர்க்காரர்களின் பழைய வழக்கம். வருகிறவர்களும் அப்படியே உட்காரலாம்.

டவுன் பயணத்தில் ஒரு அரை நாளைச் சுவாமிமலைக்கு ஒதுக்கச் சொல்வேன். கும்பகோணத்தில் இருந்து டவுன் பஸ்ஸிலேயே போகலாம். கோயிலைப் பார்த்துவிட்டு, உலோகச் சிலை வார்க்கிற ஸ்தபதிகளின் பட்டறைக்குப் போய், பார்க்கலாமா என்று கேளுங்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் மெழுகிலேயே முழு உருவத்தையும் செய்கிறார்கள். அதன் மேல் காவிரிக் கரையில் எடுத்த வண்டல் மண்ணைப் பூசுகிறார்கள். அந்த மண் சன்னமானது, விரல் நகத்தின் கோடு வரைக்கும் அச்சில் பதிந்துவிடும். காயவைத்துச் சூடாக்கினால் மெழுகு உருகி வெளியே வந்துவிடும். அது இருந்த இடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறியதும் அச்சை உடைத்துவிடுவார்கள். அதனால் ஒரு சிலைக்கு ஒரு அச்சுதான். டவுனுக்குப் போனால் மண்ணையும் ஆற்றையும் பார்க்க முடியாது என்பவர்களை முதலில் அங்கேதான் கூட்டிப் போகவேண்டும்.

சரி, கிராமத்துக்கு வருகிறேன். அமைதி வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உள் டெல்டாவில் ஒரு ஊர் முடிவதற்குள் அடுத்த ஊர் தொடங்கிவிடும். திருவிழா வந்தால் மைக் செட், அறுவடை வந்தால் டிராக்டர். ஆள் நடமாட்டமே குறைந்த இடம் வேண்டும் என்றால் கடலோரம்தான் போகவேண்டும். கோடியக்கரை, முத்துப்பேட்டை.

கோடியக்கரை தஞ்சாவூரில் இருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். காலையில் கிளம்பிச் சாயங்காலம் திரும்பிவிடலாம் என்று சிலர் திட்டம் போடுகிறார்கள். அப்படிப் போனால் வெயிலும் சேறும்தான் பார்க்கக் கிடைக்கும். வெளிமான் மேய வருவதும் பறவை இறங்குவதும் விடியலிலும் அந்தியிலும்தான். பூநாரைகள் வருவது குளிர்காலத்தில். அதுவும் சதுப்பில் நிற்கிற தண்ணீரின் ஆழத்தைப் பொறுத்தது. ஒரு நாள் கண்ணில் படாதது மறுநாள் படலாம். அதனால் வேதாரண்யத்திலாவது இரண்டு ராத்திரி தங்கவேண்டும். ஒரு ராத்திரிதான் முடியும் என்றால் பேசாமல் கும்பகோணத்திலேயே இருந்துவிடுங்கள். வேதாரண்யத்தில் பகல் பொழுதை என்ன செய்வது என்றால் உப்பளம் இருக்கிறது. 1930-ல் ராஜாஜி திருச்சியில் இருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய ஊர் அது. 2023 ஏப்ரலில் இருந்து, வேதாரண்யம் வழியாகப் போகிற திருத்துறைப்பூண்டி - அகஸ்தியம்பள்ளி அகலப்பாதையிலும் ரயில் ஓடுகிறது. ரயில்கள் குறைவு, திரும்புகிற நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு ஏறுங்கள்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில்தான் போகவேண்டும், வனத்துறை அனுமதியும் வேண்டும். வந்து இறங்கிய பிறகு கேட்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். கூட வயதானவர்கள் இருந்தால், அவர்கள் படகில் ஏறி இறங்க முடியுமா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை கடலோரம் போகிறவர்கள் வானிலை அறிக்கையைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. 2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்தது வேதாரண்யம் பக்கம்தான். அந்த வட்டாரத்துத் தென்னந்தோப்புகள் என்ன ஆயின என்பதை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டும் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு நான் சொல்வது பொங்கலை ஒட்டிய நாட்கள். சம்பா நெல் முற்றி நிற்கும், கோடியக்கரையில் பறவை இருக்கும், வெயிலும் தாங்கும். திருவையாற்றில் தியாகராஜ ஆராதனையும் பெரும்பாலும் ஜனவரியில்தான் வரும். திதியைப் பொறுத்து நாள் மாறும் என்பதால் பஞ்சாங்கம் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் கடலோரம் இரண்டு ராத்திரி, பிறகு டவுனில் ஒன்று. மாற்றிப் போட்டால், டவுன் டிபனுக்கும் காபிக்கும் பழகிய நாக்கு வேதாரண்யத்தில் முணுமுணுக்கும்.

கும்பகோணத்தில் ரூம் போடுகிறவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 2016-க்குப் பிறகு அடுத்த மகாமகம் 2028-ல் வருகிறது. அந்த மாசி மாசத்தில் ஊருக்குள் கால் வைக்க இடம் இருக்காது. ஜனத்திரளைப் பார்க்கவே ஆசை என்கிறவர்கள் ரூமை வெகு முன்னாலேயே பிடித்து வையுங்கள். மற்றவர்கள் அந்தச் சமயம் நம் வீட்டுக்கு வந்து தங்கலாம், சொந்தக்காரர்கள்தானே.

நன்றி, வணக்கம்.