ராமமூர்த்தி பேரையும் சேர்த்துப் போடுங்க: செட்டிநாட்டு ரசிகர் குரூப் என்னதான் பண்ணுது?

வணக்கம் மக்களே, காரைக்குடிலேருந்து பேசுறேன். இன்னைக்கு வீடியோ விஸ்வநாதன்-ராமமூர்த்தி ரசிகர்கள் பத்தி. 1965ல பிரிஞ்சு போன ஒரு இசையமைப்பாளர் ஜோடிக்கு இன்னைக்கும் எதுக்குங்க வாட்ஸ்ஆப்ல ஒரு கூட்டம், அதுல அப்படி என்ன பேசுறீங்கன்னு நிறையப் பேர் கேக்குறீங்க. சொல்றேன்.

முதல்ல ஒரு வேலை பண்ணுங்க. பாட்டு கேக்குற ஆப் ஏதாச்சும் ஒண்ணைத் திறந்து பாசமலர், பாலும் பழமும், ஆலயமணி, இப்படி ஏதாவது ஒரு படத்தைத் தேடுங்க. இசைன்னு போட்ட இடத்துல பல நேரம் எம்.எஸ்.விஸ்வநாதன் பேரு மட்டும்தான் இருக்கும். கூட இருந்த டி.கே.ராமமூர்த்தி பேரு காணாமப் போயிருக்கும். டைட்டில் கார்டுல ரெண்டு பேரு, ரெக்கார்டுல ரெண்டு பேரு, போன்ல மட்டும் ஒரு பேரு. எங்க குரூப்போட பாதி உழைப்பு இந்த ஒரு விஷயத்துக்குத்தான் போகுது, எனக்கு இது ரொம்ப முக்கியமான வேலையாத் தெரியுது.

(திரையில: ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கிற கறுப்பு வெள்ளை போட்டோ)

தெரியாதவங்களுக்காக சுருக்கமா. ராமமூர்த்தி 1922ல திருச்சில பிறந்தவர், வயலின்காரர். எம்.எஸ்.வி 1928, பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளி, ஹார்மோனியம். ரெண்டு பேரும் இசையமைப்பாளர் சி.ஆர்.சுப்பராமன்கிட்ட இருந்தாங்க, 1952ல சுப்பராமன் சின்ன வயசுலேயே போயிட்டார், அதே வருஷம் என்.எஸ்.கிருஷ்ணன் எடுத்த 'பணம்' படத்துல இவங்க ஜோடியா இசையமைக்க ஆரம்பிச்சாங்க. ராமமூர்த்தி ஆறு வயசு மூத்தவர், ஆனாலும் பேரு ரெண்டாவதாத்தான் வந்துச்சு, அதை ஏத்துக்கிட்டு 13 வருஷம் கூடவே நின்னார். 1963ல மெல்லிசை மன்னர்கள்னு பட்டம் கொடுத்தப்போ அதுவும் பன்மைலதான் கொடுத்தாங்க, பாத்துக்கோங்க. 1965ல ஆயிரத்தில் ஒருவனோட பிரிஞ்சாங்க, முப்பது வருஷம் கழிச்சு 1995ல எங்கிருந்தோ வந்தான் படத்துக்கு மட்டும் திரும்ப சேர்ந்தாங்க.

எங்க ஊர்ப் பக்கம் கல்யாணமான ஒரு ஜோடியை ஒரு புள்ளின்னு கோயில் கணக்குல எழுதுவாங்க, நகரத்தார் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தெரியும். புருஷன் ஒரு கணக்கு பொண்டாட்டி ஒரு கணக்குன்னு கிடையாது. எங்க குரூப்ல இந்த ரெண்டு பேரையும் அப்படித்தான் வச்சிருக்கோம், 1952லேருந்து 1965 வரைக்கும் ஒரே புள்ளி, யாரும் யாரையும் பிரிச்சு எழுதக் கூடாது.

சரி, செட்டிநாட்டுக்கும் இவங்களுக்கும் என்ன சம்பந்தம்? கவிஞர்தான். கண்ணதாசன் பிறந்த சிறுகூடல்பட்டி இங்கேருந்து பக்கம்தான். அவரோட வரிக்கு நிறைய மெட்டுப் போட்டது இந்த ஜோடி, அது மட்டுமில்ல, அவரே காசு போட்டு படம் எடுத்தப்போவும் மாலையிட்ட மங்கை, சிவகங்கைச் சீமை, கவலை இல்லாத மனிதன், கறுப்புப் பணம்னு இவங்களைத்தான் கூப்பிட்டார். இதுல 1959ல வந்த சிவகங்கைச் சீமை நம்ம மண்ணோட கதை, மருது சகோதரர்கள் கதை, எங்க குரூப்ல அந்தப் படத்துப் பாட்டுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. அப்புறம் ஏ.வி.எம். ஏ.வி.மெய்யப்பன் சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடி காரைக்குடில அப்பா கடைல கிராமபோன் ரெக்கார்டு வித்தவர், பின்னாடி தேவகோட்டை ரஸ்தாவுல கொட்டகை போட்டு ஸ்டுடியோ நடத்தி, அங்க எடுத்ததுதான் 1947ல வந்த நாம் இருவர். அதனால இந்தப் பக்கத்து வீடுகள்ல ரெக்கார்டு சேர்க்கிற பழக்கம் ரொம்ப நாளாவே இருக்கு, பெட்டகத்தைத் திறந்தா பட்டுச் சேலைக்கு அடியில ரெக்கார்டு இருந்த வீடெல்லாம் உண்டு.

இப்ப குரூப்புக்குள்ள வாங்க. காலைல யாராச்சும் ஒரு பாட்டு போடுவாங்க, அன்னைக்கு முழுக்க அது ஒண்ணுதான். ஆனா சும்மா ஆஹா ஓஹோன்னு ஸ்டிக்கர் போட்டுட்டுப் போக முடியாது. இந்தப் பாட்டுல ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி வர்ற வயலின் கூட்டத்தை மட்டும் கேளுங்க, அப்புறம் வந்து எழுதுங்கன்னு சொல்லுவாங்க. ஹெட்போன் மாட்டிக்கிட்டு குரலை விட்டுட்டு வயலினை மட்டும் புடிச்சுக்கிட்டே போனா, அதுவரைக்கும் எத்தனையோ தடவை கேட்ட பாட்டு புதுசாத் திறக்கும். கர்ணன் பாட்டுல சாரங்கி எங்க வருது, ஷெனாய் எங்க வருதுன்னு எனக்குக் காது பழகினது இப்படித்தான். சர்வர் சுந்தரம் படத்துல ரெக்கார்டிங் தியேட்டரையே காட்டுற பாட்டு ஒண்ணு இருக்குல்ல, டி.எம்.எஸ்ஸும் எம்.எஸ்.வியும் நேராவே வருவாங்க, அந்தப் பாட்டை நிறுத்தி நிறுத்தி எந்தப் பக்கம் எந்த வாத்தியம்னு பாத்துக்கிட்டே ஒரு ராத்திரி பூரா போயிருக்கு.

கானாடுகாத்தான் ஆச்சி ஒருத்தர் இருக்காங்க, எழுத்தெல்லாம் அடிக்க மாட்டாங்க, வாய்ஸ் நோட் மட்டும்தான். "அப்பச்சி கொழும்புலேருந்து வரையில ரெக்கார்டு பொட்டி கொண்டாந்தாக, வளவுல வச்சுப் போட்டா முகப்பு வரைக்கும் கேக்கும்யா"ன்னு ஆரம்பிப்பாங்க (அப்பச்சின்னா அப்பா, வளவுன்னா வீட்டுக்கு உள்ள இருக்கிற முற்றம்), பின்னாடி தாளிக்கிற சத்தம் கேக்கும், அப்புறம் சட்டுன்னு சுசீலா பாட்டு ஒண்ணை ரெண்டு வரி பாடிட்டு "சரி, உலை கொதிக்குது"ன்னு வச்சிருவாங்க. அந்த நோட்டுக்கு சிங்கப்பூர்லேருந்தும் மலேசியாவுலேருந்தும் பதில் வரும், எங்க ஆயா வீட்லயும் இப்படித்தான்னு. ஊரை விட்டுப் போனவங்க பாதிப் பேரு இந்த குரூப்புக்கு வர்றதே ஆச்சி குரலுக்காகத்தான்னு நான் நினைக்கிறேன், பாட்டுக்குப் போட்டியா இருந்தாலும் பரவாயில்ல.

ஒரே ஒரு சண்டைக்கு மட்டும் இடமில்ல. யாரால பிரிஞ்சாங்க, யாரு பெரிய ஆளு, மெட்டு யாரோடது, இதைப் பேச ஆரம்பிச்சா அட்மின் அண்ணன் உடனே நிறுத்திருவாரு. அது சரின்னுதான் நான் சொல்லுவேன். அந்த ரூமுக்குள்ள நாம யாரும் உக்காந்திருக்கல, ரெண்டு பேரும் இப்ப உயிரோட இல்ல, ராமமூர்த்தி 2013ல போனார், எம்.எஸ்.வி 2015ல. பாட்டு நம்ம கைல இருக்கு, அதைப் பேசுவோம்.

பிரிஞ்சதுக்கு அப்புறம் ராமமூர்த்தி தனியா பண்ண படங்களைப் பத்தி யாரும் பேசுறதே இல்ல, அதுக்காகவே குரூப்ல ஒரு லிஸ்ட் ஓடுது. சாது மிரண்டால், மெட்ராஸ் டு பாண்டிச்சேரி, நான், மூன்றெழுத்து, தங்கச் சுரங்கம், இதெல்லாம் அவர் தனியாப் பண்ணது. யூடியூப்ல யாராச்சும் 'நான்' படத்துப் பாட்டுக்குக் கீழ எம்.எஸ்.வி மாதிரி வருமான்னு எழுதியிருந்தா நாங்க போய் சண்டை போட மாட்டோம், பணிவா ஐயா, இது டி.கே.ராமமூர்த்தி இசைன்னு எழுதிட்டு டைட்டில் கார்டு வர்ற நிமிஷத்தையும் போட்டுட்டு வருவோம். நிறையப் பேர் நன்றி சொல்லி திருத்திருக்காங்க.

(திரையில: 78 ஆர்பிஎம் ரெக்கார்டு, லேபிள் குளோஸப்)

இதுக்கு ஆதாரம் வேணும்ல, அங்கதான் ரெக்கார்டு வருது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடைங்க உங்களுக்குத் தெரியும், பித்தளை அண்டாவுக்கும் எனாமல் கேரியருக்கும் நடுவுல சில நேரம் ரெக்கார்டு சாஞ்சு நிக்கும். கைல எடுத்தா கனமா இருக்கும், ஏன்னா 78 ரெக்கார்டு, அதாவது நிமிஷத்துக்கு 78 தடவை சுத்துறது, பிளாஸ்டிக் இல்ல, அரக்குல செஞ்சது, கீழ விழுந்தா தட்டு மாதிரி உடைஞ்சிரும். நடு லேபிளை வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, படத்து பேரு, பாட்டோட முதல் வரி, பாடினவங்க, இசை: விஸ்வநாதன்-ராமமூர்த்தி, ஒரு நம்பர். அந்த நம்பரைத்தான் நாங்க குறிச்சுக்குறோம். ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம்தான் புடிக்கும், அதனால நீளமான பாட்டை ரெண்டு பக்கமா வெட்டியிருப்பாங்க, இல்ல ஒரு சரணத்தை விட்டிருப்பாங்க, சினிமாவுல வர்றதும் ரெக்கார்டுல வர்றதும் வேற வேறயா இருக்கும். இதை ஒத்துப் பாக்குறது ஒரு தனி சந்தோஷம், பழகினாத்தான் தெரியும்.

வருஷா வருஷம் ஜூன் 24 வந்தா குரூப் திருவிழா மாதிரி இருக்கும், கவிஞருக்கும் எம்.எஸ்.விக்கும் ஒரே பிறந்தநாள், 1927, 1928. முடிஞ்சவங்க கண்ணதாசன் மணிமண்டபத்துல கூடுவோம், பாடுவோம், பணியாரம் யாராச்சும் கொண்டாந்துருவாங்க. ஆனா மே 15 ராமமூர்த்தி பிறந்தநாள், அதுக்கும் அதே அளவு கூட்டம் வரணும்னு எனக்கு ஆசை. இந்த வருஷம் அதுக்கு முன்கூட்டியே சொல்லிட்டேன், வந்துருங்க.

கடைசியா ஒரு உதவி. தேவகோட்டை, கண்டனூர், பள்ளத்தூர், கோட்டையூர், எந்த ஊரா இருந்தாலும் சரி, வீட்டுப் பரண்ல ரெக்கார்டோ தியேட்டர்ல வித்த பாட்டுப் புத்தகமோ கிடந்தா எடைக்குப் போட்டுராதீங்க. புத்தகம்னா முன் அட்டை, பின் அட்டை, இசைன்னு போட்ட பக்கம், மூணு போட்டோ போதும். ரெக்கார்டுன்னா காஞ்ச மெல்லிசு துணியால துடைங்க, ஸ்பிரிட்டோ சானிடைசரோ தொடவே கூடாது, அரக்கு கரைஞ்சிரும். லேபிளை ரெண்டு பக்கமும் ஃப்ளாஷ் இல்லாம, ஜன்னல் ஓரமா வச்சு எடுங்க, நம்பர் தெளிவாத் தெரியணும். எடுத்து எங்களுக்கு அனுப்புங்க, லிஸ்ட்ல ஏத்திருவோம்.