அணியா, பிணியா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நேரம் குறைவு, மற்ற வணக்கங்களையும் இதிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஹோமியோபதியைத் தொடங்கிய ஜெர்மன் வைத்தியர் ஹானிமனைப் பற்றி உலவும் கதைகள் ஹோமியோபதிக்கு அணியா, பிணியா என்பது தலைப்பு. மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்பது தலைப்பு அல்ல. அந்த வழக்கு இருநூறு ஆண்டுகளாக நடக்கிறது, இன்று மாலைக்குள் நம் நடுவரால் முடித்துவைக்க முடியாது. கதைகள் பிணியே என்று பேசத்தான் வந்தேன். வந்தவனைத் தலைப்புக்குள் நுழைய விடாமல் வாசலிலேயே மடக்கிவிட்டார் எனக்கு முன்னால் பேசிய அண்ணன். என்ன சொன்னார்? "கதை என்றால் இவர்களுக்கு ஏன் இப்படிக் கசக்கிறது? பாவம், இந்த அணியில் யாருக்கும் பாட்டியே கிடையாது போலிருக்கிறது!" நீங்களும் கைதட்டினீர்கள். முன்வரிசையில் யார் யார் தட்டினார்கள் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

அண்ணே, எனக்குப் பாட்டி இருந்தார். சிக்கலே அதுதான்.

என் பாட்டியிடம் இருந்தது ஒரே ஒரு கதை. ராத்திரி வீட்டுக்குள் ஒரு திருடன் புகுந்தான், தாத்தா கம்பை எடுத்து அவனை மடக்கினார். எனக்கு ஐந்து வயதில் ஒரு திருடன். எட்டு வயதில் இரண்டு. பத்தாம் வகுப்புக்கு வந்தபோது ஏழு திருடர்கள், தாத்தா கையில் கம்புகூட இல்லை. பொறுக்க முடியாமல் கேட்டேன்: "பாட்டி, போன வருடம் நான்கு பேர்தானே?" பாட்டி கொஞ்சமும் அசரவில்லை. "மீதி மூன்று பேர் அப்போது ஒளிந்திருந்தார்கள்டா" என்றார்.

அந்த மடியில் வளர்ந்தவன் நான். ஒரு கதைக்குக் கை கால் முளைக்க ஆரம்பித்தால் எனக்கு உடனே மூக்கு வியர்த்துவிடும்.

இப்போது வண்டிக் கதைக்கு வருவோம். உங்களுக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் சொல்வேன். ஹானிமன் மருந்துப் பெட்டியோடு குதிரை வண்டியில் போகிறார். சாலை முழுக்கக் குண்டும் குழியும். குப்பிகள் குலுங்குகின்றன. அப்புறம் பார்த்தால், பக்கத்து வீட்டு நோயாளிக்கு மெதுவாகத்தான் குணம் தெரிகிறது, தூரத்து ஊர்க்காரர் சட்டென்று எழுந்து உட்காருகிறார். ஆகா, குலுக்கினால் வீரியம் ஏறுகிறது என்று கண்டுபிடித்துவிட்டார்! ஹோமியோபதிக் கல்லூரியில் முதலாம் ஆண்டில் எங்கள் ஆசிரியர் இப்படித்தான் சொன்னார். இரண்டாம் ஆண்டில் வந்த ஆசிரியர் வண்டியைக் கழற்றிவிட்டார். வெறும் குதிரை, சேணத்தில் தொங்கும் பை. ஒரு கருத்தரங்கில் வண்டி திரும்பி வந்தது, இரண்டு குதிரைகளோடு. இன்னொரு கூட்டத்தில் மழையும் சேர்ந்துகொண்டது. நான் எழுந்து கேட்கவில்லை, ஏனென்றால் பதில் எனக்குத் தெரியும். இரண்டாவது குதிரை அப்போது ஒளிந்திருந்தது!

சரி, கதை உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் வைத்தியருக்குத் தேவை படிப்பு அல்ல, மோசமான சாலை. சாலையைச் செப்பனிட்டவர்களெல்லாம் நோயாளிகளின் எதிரிகள்!

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். எதிரணிக்கு நானே ஒரு துருப்புச்சீட்டு தருகிறேன், அவர்கள் தேடிப் பிடிக்கவில்லை. ஹானிமனின் அடிப்படை நூலான ஆர்கனானின் ஐந்தாம் பதிப்பு, 1833. அதில் ஓர் அடிக்குறிப்பு. மருந்தைத் திரவமாகக் கூடவே எடுத்துக்கொண்டு திரிகிறவர்கள் சிலர், நாளாக ஆக அதன் வீரியம் கூடுவதில்லை என்கிறார்கள், அவர்களுக்குக் கவனித்துப் பார்க்கத் தெரியவில்லை என்று ஹானிமனே கடிந்துகொள்கிறார். ஒரு குப்பியில் சோடாவைக் கரைத்து அரை மணி நேரம் விடாமல் குலுக்கினேன், அது முப்பது படி நீர்க்கவைத்துக் குலுக்கிய முப்பதாம் வீரியத்துக்குச் சமமாகிவிட்டது என்றும் எழுதுகிறார். பார்த்தீர்களா? கதையின் விதை இந்த அடிக்குறிப்பாக இருக்கலாம். குலுங்கினால் ஏறும் என்பது அவர் நம்பிக்கை. வண்டிதான் எனக்கு வாத்தியார் என்று மட்டும் அவர் எழுதிவைக்கவில்லை.

அதே ஐந்தாம் பதிப்பில் ஒவ்வொரு படிக்கும் இரண்டே குலுக்கு போதும் என்றவர், ஆறாம் பதிப்பில் நூறு குலுக்கு என்கிறார். கெட்டியான, ஆனால் கொஞ்சம் துள்ளக்கூடிய ஒரு பொருளில், தோல் அட்டை போட்ட புத்தகத்தில் தட்டலாம் என்கிறார். அந்தக் கையெழுத்துப்படியை அவர் முடித்தது 1842இல், வயது எண்பத்தேழை நெருங்கும்போது. அது அச்சேறியது 1921இல். எண்பது கடந்த கிழவர், தான் எழுதியதைத் தானே அடித்துத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்! அவர் சொன்னது சரியோ தப்போ, அந்த உழைப்பு அவருடையது. வண்டிக் கதை என்ன செய்கிறது? பெருமையைப் பிடுங்கிக் குதிரைக்குக் கொடுத்துவிடுகிறது.

சின்கோனா கதையும் இப்படித்தான். அந்தக் காலத்தில் காய்ச்சலுக்குக் கொடுத்த அந்த மரப்பட்டையைத் தின்றார், காய்ச்சல் வந்தது, நோயைப் போன்றதே நோயைத் தீர்க்கும் என்று ஞானம் பிறந்தது, ஒரே ராத்திரி! நடந்தது என்ன? 1790இல் ஸ்காட்லாந்து வைத்தியர் கல்லனின் மருந்துப்பொருள் நூலை ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்குப் பெயர்த்துக்கொண்டிருந்தார். பட்டை இரைப்பையை வலுப்படுத்துவதால்தான் குணம் தருகிறது என்று கல்லன் எழுதியிருந்தது இவருக்கு ஒப்பவில்லை. தானே சாப்பிட்டுப் பார்த்து ஓர் அடிக்குறிப்பு போட்டார். மறுபடியும் அடிக்குறிப்பு! அதற்குப் பிறகு இந்தக் கருத்தைச் சொல்லும் கட்டுரை வர ஆறு ஆண்டு, 1796. ஆர்கனான் வர இன்னும் பதினான்கு ஆண்டு, 1810. ஆக இருபது ஆண்டு. அண்ணன் பாட்டிக்கு இது ஒரு ராத்திரி.

நோய் உள்ளிருந்து வெளியே, மேலிருந்து கீழே குணமாகும் என்று ஹானிமனின் சீடர் ஹெரிங் பெயரில் சொல்லும் ஹெரிங் விதி? ஹெரிங் தன் பெயரில் அப்படி ஒரு விதியை வைத்துவிட்டுப் போகவில்லை, பெயர் சூட்டியவர்கள் பின்னால் வந்தவர்கள். பிறந்த நாள்? ஹானிமன் எழுதியது ஏப்ரல் 10, ஞானஸ்நானப் பதிவேடு சொல்வது 11. அதற்கும் ஒரு சண்டை நடந்திருக்கிறது, விடுங்கள்.

"நாளேது, தேதியேது என்று நோண்டினால் யாருக்கு நெஞ்சு உருகும்?" என்றும் அண்ணன் கேட்டார். அண்ணே, உருக வேண்டுமா? கதைகள் யாரை விட்டுவிட்டன என்று பாருங்கள். ஹானிமனின் முதல் மனைவி ஹென்ரியெட். பதினொரு பிள்ளைகள் பெற்றவர். சண்டைக்காரி, கணவரின் அருமை தெரியாதவர் என்று அவரை எழுதிய ஆட்களும் உண்டு. பெற்ற பெண்கள் தாய்க்காகப் பரிந்து பேச வேண்டியிருந்தது.

லைப்சிக் அருகே மாக்கெர்ன் என்று ஒரு சிற்றூர். மொழிபெயர்ப்புக் கூலியில் அந்தக் குடும்பம் பிழைத்த காலம். பகலெல்லாம் எழுதிவிட்டு ராத்திரியில் மனைவியோடு சேர்ந்து துணி துவைப்பாராம். சோப்பு வாங்கக் காசில்லை, பச்சை உருளைக்கிழங்கைத் தேய்த்துத் துவைப்பார்களாம். பிள்ளைகள் சண்டை போடக்கூடாது என்று ரொட்டியைத் தராசில் நிறுத்துப் பங்கு வைப்பாராம். ஒரு சின்னப் பெண்ணுக்கு நோய் வந்துவிட்டது. சாப்பிட முடியவில்லை. தன் பங்கைத் தினமும் ஒரு பெட்டிக்குள் எடுத்து வைத்தது, எழுந்த பிறகு சாப்பிடலாம் என்று. நோய் முற்றியது. இனி எழுந்திருக்க மாட்டோம் என்று அதற்கே தோன்றிவிட்டது. தனக்குப் பிடித்த தங்கையைக் கூப்பிட்டது. "இனிமேல் என்னால் சாப்பிட முடியாது, இதை நீ வைத்துக்கொள்" என்று, காய்ந்து கல்லாகிப்போன அந்தத் துண்டுகளை...

மன்னிக்கவும்.

நடுவர் அவர்களே, மணி கேட்டது. இதோ, அண்ணன் எழுந்துவிட்டார். என்ன கேட்கப் போகிறார் என்று தெரியும். இதற்குச் சான்று உண்டா, இதுவும் வழிவழியாக வந்த கதைதானே என்பார். ஆமாம் அண்ணே, வழிவழியாக வந்ததுதான். பாட்டி சொன்ன மாதிரிதான் எனக்கும் வந்தது. வண்டியைச் சோதித்துவிட்டேன், குதிரையை எண்ணிவிட்டேன். அந்தப் பெட்டியை மட்டும் என்னைத் திறந்து பார்க்கச் சொல்லாதீர்கள்.

நன்றி, வணக்கம்.