கீவொர்த் திடலும் கடன் கொடுத்த ரசிகர்களும்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். கால்பந்தைப் பற்றிப் பேச அழைக்கப்படுபவர்கள் பெரும்பாலும் பார்சிலோனாவையோ மான்செஸ்டரையோ எடுத்துக்கொள்வார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது, அமெரிக்காவின் இரண்டாம் நிலைத் தொடரில் ஆடுகின்ற டெட்ராய்ட் சிட்டி என்னும் கழகத்தை. பெரிய கோப்பைகளை வென்ற கழகம் அன்று. இருந்தும் ஒரு கழகம் யாருடையது என்று யோசிக்கும்போதெல்லாம் என் நினைவு அங்கேதான் போய் நிற்கிறது.

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்திலோ ஜெர்மனியிலோ கீழ்நிலைத் தொடரில் முதலிடம் பெறும் குழு அடுத்த ஆண்டு மேல்நிலைக்குப் போகும். மேலே கடைசியில் நிற்கும் குழு கீழே இறங்கும். அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே முதல்நிலைத் தொடரான மேஜர் லீக் சாக்கரில் இடம் வேண்டுமென்றால் பணம் கட்டித்தான் நுழைய வேண்டும். 2023-இல் சான் டியாகோ குழுவுக்காகக் கட்டப்பட்ட தொகை ஏறத்தாழ 50 கோடி டாலர் என்று செய்திகள் கூறின. ஆகவே கீழ்நிலையில் ஆடும் கழகம் எத்தனை வெற்றி பெற்றாலும் அந்த வெற்றிகளாலேயே மேலே போய்விட முடியாது. மேலே போகும் வழி அடைபட்டிருக்கும்போது ரசிகர்கள் எதை நம்பி வருவார்கள்?

டெட்ராய்டின் விடை அந்த ஊரின் நிலையிலிருந்து வந்தது. 1950-இல் ஏறத்தாழ 18.5 இலட்சம் பேர் வாழ்ந்த மோட்டார் நகரத்தில் 2010-இல் 7 இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டவர்களே இருந்தார்கள். 2013-இல் மாநகராட்சியே திவாலானதாக அறிவித்து நீதிமன்றத்தின் படியேறியது. ஆட்டங்களும் ஊரை விட்டுப் போயிருந்தன. கையில் பந்தெடுத்து ஓடும் அமெரிக்கக் கால்பந்தின் குழுவான லயன்ஸ் கால் நூற்றாண்டுக்கும் மேல் புறநகரான பான்டியாக்கில் ஆடியது. கூடைப்பந்துக் குழு அதைவிடத் தொலைவில் இருந்தது. 1994 உலகக் கோப்பை ஆட்டங்கள் கூடப் பான்டியாக்கின் கூரையிட்ட அரங்கில்தான் நடந்தன.

இந்தச் சூழலில், 2010-இல், குடியிருப்புப் பகுதிக்கு ஓர் அணி என்ற முறையில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடுகின்ற பொழுதுபோக்குத் தொடர் ஒன்று அந்நகரத்தில் தொடங்கியது. அதிலிருந்து ஐந்து நண்பர்கள் 2012-இல் ஒரு கழகத்தை உருவாக்கினார்கள். நகர மன்றத்தின் முன் நிற்கும் 'டெட்ராய்டின் ஆன்மா' என்ற வெண்கலச் சிலையையே சின்னத்தில் வைத்தார்கள். கழகம் சேர்ந்த தொடர் நான்காம் நிலை. ஆடியவர்கள் பெரும்பாலும் ஊதியமில்லாத கல்லூரி மாணவர்கள். ஆடிய இடம் காஸ் டெக் உயர்நிலைப் பள்ளியின் திடல். நார்தர்ன் கார்டு என்ற பெயரில் திரண்ட ரசிகர்கள் முரசும் புகையும் பாட்டுமாக அந்தப் பள்ளித் திடலை அதிரவைத்தார்கள். அவர்களுடைய பாடல்களில் பலவற்றை, குடும்பத்தோடு கேட்கப்படும் வானொலியில் நான் எடுத்துச் சொல்ல இயலாது. ஊர்த்திடலில் கயிற்றுக்கு வெளியே நின்று எதிரணியைக் கேலி பேசிய நேயர்களுக்கு அது புரியும்.

கூட்டம் பெருகவே பள்ளித் திடல் போதவில்லை. இனி நான் மிகவும் விரும்பிச் சொல்லும் பகுதிக்கு வருகிறேன். சற்று நீளும், பொறுத்தருள வேண்டும். டெட்ராய்டால் ஏறக்குறைய முழுவதும் சூழப்பட்ட சிறு நகரம் ஹாம்ட்ராமிக். ஒரு காலத்தில் போலந்துக்காரர்களின் ஊர். இப்போது யேமனியர்களும் வங்காளதேசத்தவரும் மிகுதி. அங்கே கீவொர்த் என்றொரு பழைய அரங்கம் இருக்கிறது. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வேலையற்றோருக்கு வேலை கொடுக்க அரசு நடத்திய திட்டத்தில் கட்டப்பட்டது. 1936 அக்டோபரில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டே வந்து திறந்துவைத்தார். அவ்வூர்ப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டம் என்ற அமைப்புக்குச் சொந்தமான அந்த அரங்கின் பார்வையாளர் படிகள் காலப்போக்கில் சிதைந்துபோயின.

அதைச் செப்பனிடப் பணம் வேண்டும். வங்கிக்கோ பெருஞ்செல்வரிடமோ போகாமல், கழகம் தன் ரசிகர்களிடமே கடன் கேட்டது. சாதாரண மக்கள் உள்ளூர் நிறுவனங்களில் சிறுதொகை முதலீடு செய்ய மிச்சிகன் மாநிலம் அப்போதுதான் சட்டத்தில் இடம் கொடுத்திருந்தது. 527 பேர் சேர்ந்து 7,41,250 டாலர் கொடுத்தார்கள். நன்கொடை என்று எண்ணிவிட வேண்டாம். வருவாயிலிருந்து வட்டியோடு திரும்பக் கிடைக்க வேண்டிய கடன். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: நுழைவுச்சீட்டு வாங்குபவர் ஆட்டத்துக்குப் பணம் கொடுக்கிறார், கடன் கொடுப்பவர் அந்தக் கழகம் பத்தாண்டு கழித்தும் இருக்கும் என்று நம்பிக் கொடுக்கிறார். 2016-இல் கழகம் கீவொர்த்துக்குக் குடிபோனது. 2018-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரக் கழகமான சாங்க்ட் பவுலி அங்கே வந்து நட்பு ஆட்டம் ஆடியது.

அதே 2016-இல் இரண்டு பெருஞ்செல்வர்கள் மேஜர் லீக் குழு ஒன்றை டெட்ராய்டுக்குக் கொண்டுவர முயன்றார்கள். சிட்டியின் ரசிகர்களில் பலர் அதை வரவேற்கவில்லை. அவர்களுக்கு ஒரு கழகம் ஏற்கெனவே இருந்தது. அந்த முயற்சி நிறைவேறவும் இல்லை. 2020-இல் கழகம் தொழில்முறைக் குழுவாகியது. பெருந்தொற்றின் நடுவே அதே ஆண்டில் தன் உரிமையின் ஒரு பகுதியைச் சிறு பங்குகளாக மக்களுக்கு விற்றது. 2022-இல் இரண்டாம் நிலைத் தொடரில் சேர்ந்து, அந்த ஏப்ரலிலேயே, பல நிலைக் கழகங்களும் சேர்ந்து ஆடும் அமெரிக்க ஓப்பன் கோப்பையில் கொலம்பஸ் க்ரூவைக் கீவொர்த்தில் 2-1 என வென்றது. கொலம்பஸ் 2020-இன் முதல்நிலை வாகையர். தொடர் அட்டவணை பிரித்துவைத்த இரண்டு கழகங்களும் நேருக்கு நேர் நிற்பதற்கு அந்தக் கோப்பை ஒன்றே வழி.

நேரம் முடிவதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். 2020-இல் தொடங்கிய பெண்கள் குழுவைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். பெயர் சொல்வதோடு விடவேண்டியிருக்கிறது. 2025 மார்ச்சில், சிட்டி ஆடும் யு.எஸ்.எல். அமைப்பின் உரிமையாளர்கள் தம் தொடர்களுக்குள் ஏற்ற இறக்க முறையைக் கொண்டுவர வாக்களித்திருக்கிறார்கள். டெட்ராய்டில், மூடிக்கிடந்த மருத்துவமனை ஒன்றின் நிலத்தை வாங்கி, ஏறத்தாழ 15,000 இருக்கைகள் கொண்ட சொந்த அரங்கைக் கட்டவும் கழகம் திட்டமிட்டிருக்கிறது. 2027-இல் திறப்பது நோக்கம். அங்கே போன பிறகும் கீவொர்த் ஹாம்ட்ராமிக்கின் பள்ளிகளுக்கே உரியது. 527 பேரின் பணத்தில் செப்பனிட்ட படிகளும் அவற்றுடையவையே. வணக்கம்.