இரண்டு டப்பா பெயிண்ட், பத்து நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம். கனடாவின் ஒட்டாவா நகரில், தேசியக் கலைக்கூடத்தில் ஓர் ஓவியம் இருக்கிறது. உயரம் சுமார் 540 சென்டிமீட்டர், அகலம் 240. அருகருகே செங்குத்தாக மூன்று பட்டைகள்: நீலம், சிவப்பு, நீலம். அவ்வளவுதான். அமெரிக்க ஓவியர் பார்னெட் நியூமன் 1967-இல் அக்ரிலிக் வண்ணத்தில் தீட்டியது. பெயர் 'வாய்ஸ் ஆஃப் ஃபயர்', அதாவது நெருப்பின் குரல். அதே ஆண்டு மாண்ட்ரியல் உலகக் கண்காட்சியில், அமெரிக்க அரங்கின் பிரம்மாண்டமான கோளக் கூரைக்கடியில் தொங்கியது.

ஏறத்தாழ 18 லட்சம் டாலருக்குக் கலைக்கூடம் அதை வாங்கிய செய்தி 1990-இல் வெளிவந்ததும் ஒரே ரகளை. இரண்டு டப்பா பெயிண்ட், இரண்டு ரோலர், பத்து நிமிடம் போதும் என்றார் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர்.

அவர் கணக்கைச் சரிபார்ப்போம். மொத்தப் பரப்பு 13 சதுர மீட்டர். ஒரு லிட்டர் பெயிண்ட் சுமார் 10 சதுர மீட்டர் பிடிக்கும் என்றால், ஒரு பூச்சுக்கு இரண்டு டப்பா சரிதான். இடிப்பது அந்தப் பத்து நிமிடம்தான்.

காட்மியம் சிவப்பு என்ற நிறமி அடர்த்தியானது. அடியில் இருப்பதைச் சீக்கிரம் மூடிவிடும். ஆழ்நீல நிறமிகள் பலவும் அப்படியல்ல, ஒளியை உள்ளே விடுபவை. முதல் பூச்சில் துணி பல்லிளிக்கும். ரோலர் இரண்டு முறை போன இடம் தனிக் கோடாகத் தெரியும். மூன்று நான்கு பூச்சு வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இடையில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் காய விட வேண்டும். ஈரத்தில் அக்ரிலிக் பால் கலந்தாற்போல் வெளிறித் தெரியும், காய்ந்தால் கருக்கும். ஈரமாக இருக்கும்போது நிறம் பார்த்து ஒட்டுப்போட்டால், மறுநாள் அது தேமலாக நிற்கும்.

அடுத்தது விளிம்பு. நேர்க்கோட்டுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டினால், துணியின் இழைகளுக்கிடையே பெயிண்ட் கசியும். அதைத் தடுக்க, டேப்பின் ஓரத்தில் முதலில் நிறமில்லாத அக்ரிலிக் மீடியம் பூசி அடைப்பார்கள். கடைசிப் பூச்சு முழுதும் காயுமுன் டேப்பை எடுக்க வேண்டும். காய்ந்தபின் இழுத்தால் படலம் கிழிந்து ரம்பப் பல்லாகும். முந்தைய நிறம் இறுகுமுன் அதன்மேல் டேப் ஒட்டினாலோ, தோலோடு உரிந்து வரும். ஆக, அவசரப்பட்டாலும் முழுதாக ஒரு நாள். ஒழுங்காகச் செய்தால் இரண்டு.

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு? ஒரு சொட்டு வழிந்திருந்தால், ஓரிடத்தில் தூரிகை சுழித்திருந்தால், நம் கண் உடனே அதில் மேகத்தையோ முகத்தையோ கண்டுபிடித்துவிடும். எண்ணெய் வண்ணமாக இருந்தால் அங்கங்கே பளபளப்பு மாறி, விளக்கொளி திட்டுத்திட்டாக மின்னும். அக்ரிலிக்கின் மொழுமொழுவென்ற சமதளத்தில் கண்ணுக்குப் பிடிமானமே இல்லை. தலைப்பைப் பார்த்து விமர்சகர்கள் நினைவூட்டுவது பைபிளின் உபாகமம் நான்காம் அதிகாரத்தை. நெருப்பின் நடுவிலிருந்து கடவுளின் குரல் வந்தது. மக்கள் சத்தத்தைக் கேட்டார்கள், ரூபம் எதையும் காணவில்லை. அரூப ஓவியம் என்று தமிழில் சொல்கிறோமே, அந்தச் சொல் இந்தப் படத்துக்குத்தான் அளவெடுத்துத் தைத்தது போலிருக்கிறது. சிவப்பு என்றால் கோபம், நீலம் என்றால் அமைதி என்ற அட்டவணையை வைத்துக்கொண்டு இதை வாசிக்கப் போனால் ஒன்றும் கிடைக்காது.

பார்க்கவும் ஒரு முறை உண்டு. பெரிய படம் என்றால் பின்னால் போய் நின்று பார்ப்பதே நம் வழக்கம். தன் பெரிய படங்களைக் கிட்டத்தில் நின்று பார்க்கும்படி நியூமன் 1951-இலேயே ஒரு கண்காட்சியில் கேட்டுக்கொண்டார். கலைக்கூடம் அனுமதிக்கும் எல்லைவரை நெருங்குங்கள். அப்போது படத்தின் மேல்விளிம்பு உங்கள் பார்வைக்கு வெளியே போய்விடும். சிவப்பும் நீலமும் கண்ணுக்குள் ஒரே இடத்தில் குவிவதில்லை. அதனால் பலருக்கு நடுப்பட்டை முன்னால் துருத்தி வரும், ஓரங்கள் அதிரும். கைப்பேசியில் கட்டைவிரல் அளவில் பார்ப்பவருக்குத் தெரிவது மூன்று கோடு போட்ட ஒரு கொடி. சிவப்பை அரை நிமிடம் இமைக்காமல் பார்த்துவிட்டுப் பக்கத்து வெள்ளைச் சுவருக்குத் திரும்பினால், அங்கே யாரும் தீட்டாத பச்சைநீலப் பட்டை ஒன்று சில நொடிகள் நின்று மறையும்.