96 இன்ச் ஃபிரேம்ல 108 இன்ச் குவில்ட்: பார்டரைப் பிரிச்சுட்டேன்

வணக்கம்ங்க. குவில்ட்னா மேல் துணி, நடுவுல பஞ்சு, அடித்துணின்னு மூணு அடுக்கையும் சேத்துத் தைக்கிற போர்வை. போன வீடியோவுல இந்தக் குவில்டோட மேல் துணிய முழுசா விரிச்சுக் காட்டியிருந்தேன். நீளம் 108 இன்ச், அகலமும் 108. ஃபிரேம்னா துணிய ரோலர்ல சுத்தி விரிச்சுப் பிடிக்கிற சட்டம், மெஷின்தான் அது மேல நகர்ந்து தைக்கும். என்னோட ஃபிரேம்ல ரோலர் 96 இன்ச்தான். அதுலயும் பக்கவாட்டு கிளிப்புக்கு இடம் போகுது, மெஷின் தலை ரெண்டு முனையிலயும் வந்து நிக்க இடம் போகுது. நெஜமா ஊசி ஓடுற அகலம் 84 இன்ச். சதுரமான குவில்டுங்கறதால, திருப்பிப் போட்டாலும் ஒண்ணும் மிச்சமாகாது.

முதல்ல நான் பண்ணின தப்பச் சொல்லிடுறேன், ஏன்னா நிறைய பேர் இதத்தான் பண்ணுவீங்க. மூணு அடுக்கையும் சேத்து கச்சா தையல் போட்டு, இடது பக்கம் 84 இன்ச்ச ஃபிரேம்ல மாட்டிட்டேன். மிச்சத்த வலது முனையில தொங்க விட்டு, அடியில நாற்காலி குடுத்து முட்டு வச்சேன். இடது பக்கம் முழுக்கத் தச்சு முடிச்சு, கழட்டி, தள்ளி மாட்டினேன். மேல பாத்தா எல்லாம் சரியா இருந்துச்சு. அடியில கைய விட்டுத் தடவினேன் பாருங்க, வயிறு கலங்கிடுச்சு. ஒரு விரல் தடிமனுக்கு அடித்துணியில மடிப்பு, தைச்ச பாகம் முடிஞ்சு தைக்காத பாகம் ஆரம்பிக்கிற கோடு நெடுக.

தொங்கின பாரம் இழுத்துடுச்சுன்னுதான் ரொம்ப நேரம் நெனச்சுட்டு இருந்தேன். அதுவும் கொஞ்சம் உண்டு. ஆனா பெரிய காரணம் வேற. குவில்ட் தையல் போடப் போட துணி சுருங்கும். ஒவ்வொரு தையலும் பஞ்ச அமுக்கி, துணிய ஒரு நூலளவு உள்ள இழுக்குது. தைச்ச பக்கத்த அளந்தேன், 108 இருந்தது 106½ ஆயிருந்துச்சு. தைக்காத பக்கம் இன்னும் அதே 108. ரெண்டும் ஒரே துணி, ஆனா ரெண்டுக்கும் நீளம் வேற. அந்த ஒன்றரை இன்ச் எங்கயாவது போயாகணுமே, அது மடிப்பாப் போய் உக்காந்துடுச்சு.

மூணு நாள் உக்காந்து தையல் பிரிச்சேன். அப்புறம் ரெண்டு பக்க பார்டரையும் மேல் துணியில இருந்தே பிரிச்சு எடுத்தேன். அதுக்குத்தான் மனசு வரல. கோணல் இல்லாம போட்ட தையல், அதை நானே பிரிக்கிறேன். ஆனா அதுதான் சரியான வழி. நடுப்பாகம் 76 இன்ச் அகலம், மேல் கீழ் பார்டர் அதோட சேந்தே இருக்கு, ஃபிரேம்ல தாராளமா உக்காரும். பக்கத்து பார்டர் ஒவ்வொண்ணும் 16 இன்ச். மூணையும் தனித்தனியா ஃபிரேம்ல ஏத்தி, ஒரே அடர்த்தியில தைச்சு, கடைசியில சேக்கிறதுன்னு முடிவு பண்ணினேன். மூணும் ஒரே மாதிரி சுருங்கும்ல, அதான் விஷயம்.

ஆகவே எங்க பிரிக்கிறது, எங்க சேக்கிறதுன்னு ஃபிரேம்ல ஏத்துறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க. எனக்கு பார்டர் கோடு இருந்துச்சு, அதனால இணைப்பு வெளியே தெரியாது. பார்டர் இல்லாத டிசைன்னா, கட்டங்களுக்கு நடுவுல நீளமா ஓடுற ஒரு தையல் கோட்டத் தேடுங்க.

இப்ப ஃபிரேம் பக்கம் வாங்க. துணிய மத்தளம் மாதிரி இறுக்காதீங்க. அடியில இருந்து விரல மேல தள்ளினா, மேல இருந்து இன்னொரு கையால அந்த விரல் நுனியப் பிடிக்க வரணும். அந்தளவு தளர்வு போதும். ரொம்ப இறுக்கினா ஊசி வளையும், தையல் தாண்டித் தாண்டி விழும்.

இன்னொண்ணு, ரோல். வெறும் குழாய் ரெண்டு இன்ச் தடிமன். 108 இன்ச் குவில்ட் அதுல சுத்தி முடிக்கும்போது கிட்டத்தட்ட நாலரை இன்ச் ஆயிடுது. அந்த உருளை மெஷின் கைக்குள்ள, அதாவது ஊசிக்கும் மெஷின் உடம்புக்கும் நடுவுலதான் இருக்கு, அதனால ஊசி முன்னும் பின்னும் போற இடத்தத் தின்னுடும். ஆரம்பத்துல எனக்கு 14 இன்ச் கிடைச்சுது, கடைசியில 11தான். 13 இன்ச் உயரத்துல அலை டிசைன் ஆரம்பிச்சிருந்தா பாதியில மாட்டியிருப்பேன். கடைசி வரிசையில எவ்வளவு இடம் இருக்கும்னு பாத்து, 10 இன்ச்னு வச்சுக்கிட்டேன்.

சேர்ற ஓரத்துல மூணு இன்ச் தைக்காம விட்டிருக்கேன், தெரியுதுங்களா? இது இல்லன்னா சேக்கவே முடியாது. தைச்சு எறக்கினதும் நடுப்பாகம் 106½, பார்டர் ஒண்ணு 106¾, இன்னொண்ணு 106½. கால் இன்ச்ச குண்டூசி குத்தி சமாளிச்சுடலாம்.

இணைக்கிறப்போ முதல்ல மேல் துணி ரெண்டையும் நல்ல பக்கம் உள்ள வச்சு மெஷின்ல ஒரு தையல். பஞ்சும் அடித்துணியும் மாட்டாம ஒதுக்கிப் பிடிச்சுக்கணும். அப்புறம் குப்புறப் போட்டு, அடித்துணிய ரெண்டு பக்கமும் மடிச்சு வச்சுட்டு, பஞ்ச மட்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏத்துங்க. கீழ வெட்டுப் பலகைய நுழைச்சு, ரெண்டையும் சேத்து இப்படி அலை அலையா வெட்டுங்க. கேமராவக் கிட்ட கொண்டு வர்றேன்... பாருங்க. மிச்சத்துண்ட எடுத்துட்டா ரெண்டு ஓரமும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போய் உக்காருது. நேரா வெட்டினா நாளைக்கு அந்தக் கோட்டுலயே மடியும், விரலுக்குத் தட்டுப்படும். இதக் கையால, அகலமான தையல்ல, நூல இழுக்காம சேருங்க. இழுத்தா மேடு கட்டிடும்.

கடைசியா அடித்துணி. ஒரு பக்கத்த தட்டையா விரிச்சுட்டு, இன்னொண்ணோட ஓரத்த கால் இன்ச் உள்ள மடக்கி அது மேல வச்சு கண்ணுக்குத் தெரியாத தையல். ஒரு சின்ன வேலை பண்ணியிருக்கேன், அடித்துணி இணைப்ப மேல் துணி இணைப்புக்கு நேரா வைக்காம ஒரு இன்ச் தள்ளி வச்சேன். மூணு இணைப்பும் ஒரே கோட்டுல விழுந்தா அங்க கயிறு மாதிரி தடிச்சு நிக்கும்.

இணைப்புக்கு ரெண்டு பக்கமும் தைக்காம இருக்கிற ஆறு இன்ச்ச சாதாரண மேஜை மெஷின்லயே முடிச்சுடலாம். பாரமெல்லாம் ஊசிக்கு இடது பக்கம் மேஜை மேல கிடக்கும், மெஷின் கைக்குள்ள போறது பார்டர் மட்டும்தான். நேத்து ராத்திரி வலது பக்கம் முடிச்சேன். திருப்பிக் காட்டுறேன், இருங்க... இதான் பின்பக்கம். இணைப்பு இங்க, என் கட்டைவிரல் இருக்கிற இடத்துல. கோடு தெரியுது, ஆனா மடிப்பு ஒண்ணுகூட இல்ல. இடது பக்கத்துக்கு குண்டூசி குத்தி வச்சுட்டேன், இப்ப உக்காந்து தைக்கப் போறேன்.