புளூட்டோவுக்கு முன்னால் செரஸ்

நேயர்களுக்கு வணக்கம். புளூட்டோவைக் கோள் வரிசையிலிருந்து எடுத்துவிட்டார்களே, அது நியாயமா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். நியாயம்தான் என்பது என் கட்சி. அதைச் சொல்ல 1801-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு ஜனவரி முதல் தேதி இரவு. சிசிலித் தீவின் பலெர்மோ நகரில், ஜியுசெப்பே பியாசி என்ற பாதிரியார் விண்மீன் அட்டவணை தயாரித்துக்கொண்டிருந்தார். ரிஷப ராசிப் பக்கம் மங்கலாக ஒரு புள்ளியைக் குறித்துவைத்தார். மறுநாள் பார்த்தால் அது சற்றே நகர்ந்திருந்தது. பிப்ரவரி வரை அதை விடாமல் தொடர்ந்தார். பிறகு அது சூரியன் பக்கம் போய் மறைந்துவிட்டது. மறுபடி எங்கே தேடுவது? 24 வயது ஜெர்மன் கணித மேதை கார்ல் காஸ், கைவசம் இருந்த சில வார அளவீடுகளை வைத்தே அதன் பாதையைக் கணக்கிட்டார். ஆண்டு முடிவதற்குள் அவர் சொன்ன இடத்தை ஒட்டியே அது அகப்பட்டது. எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும் இடம் இது.

அதுதான் செரஸ். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே ஒரு புதிய கோள் என்று கொண்டாடினார்கள். 1807-க்குள் பல்லாஸ், ஜூனோ, வெஸ்டா மூன்றும் சேர்ந்தன. நான்கையுமே பல பத்தாண்டுகள் கோள்களாகத்தான் எண்ணினார்கள். 1845-க்குப் பிறகு அதே வட்டாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அகப்படவும், எல்லாவற்றையும் சிறுகோள்கள் என்று தனியே பிரித்துவிட்டார்கள்.

புளூட்டோவின் கதையும் இதேதான். 1930-இல் அரிசோனாவின் லோவெல் வானாய்வகத்தில் கிளைட் டோம்பா, வானத்தின் ஒரே பகுதியை ஆறு நாள் இடைவெளியில் படம்பிடித்த இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒரு கருவியில் மாற்றி மாற்றிப் பார்த்தார். விண்மீன்கள் அத்தனையும் அப்படியே நிற்க, ஒரே ஒரு புள்ளி மட்டும் இடம் தாவியது. அவருக்கும் அப்போது 24 வயதுதான். 1992 முதல் அந்தப் பக்கமும் கூட்டம் கூட்டமாகப் பொருள்கள் தெரிய வந்தன. 2005-இல் அறிவிக்கப்பட்ட ஏரிஸ், எடையில் புளூட்டோவையே மிஞ்சியது.

2006 ஆகஸ்ட் 24 அன்று, பிராக் நகரில் சர்வதேச வானியல் ஒன்றியம் வாக்கெடுத்தது. கோள் என்றால் சூரியனைச் சுற்ற வேண்டும். தன் ஈர்ப்பாலேயே உருண்டு திரண்டிருக்க வேண்டும். தன் பாதையின் சுற்றுப்புறத்தில் அதுவே ஆதிக்கம் செலுத்த வேண்டும். மூன்றாவதில்தான் புளூட்டோ தவறியது. செரஸுக்கும் புளூட்டோவுக்கும் குறுங்கோள் என்ற ஒரே பெயர் கிடைத்தது.

மூன்றாவது விதி புளூட்டோவை வெளியேற்றவென்றே வைத்தது என்று சிலர் கோபப்படுகிறார்கள். எனக்கோ அதுதான் மூன்றிலும் முக்கியமானது. பூமி தன் பாதையில் திரியும் மற்றப் பொருள்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அவற்றைவிடப் பல லட்சம் மடங்கு கனமானது. புளூட்டோ அப்படியல்ல.

எனக்குக் குறை முதல் விதியில்தான். 1995-இல் 51 பெகாசி என்ற விண்மீனைச் சுமார் நாலே கால் நாளில் சுற்றிவரும் கோளை மிஷேல் மயோரும் டிடியே கெலோவும் கண்டறிந்தார்கள். இப்படி வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்கள் இன்று 6,000-ஐத் தாண்டிவிட்டன. சூரியனைச் சுற்றாததால் அவை எதற்கும் இந்த வரையறை பொருந்தாது. இதைத் திருத்தியே ஆக வேண்டும். திருத்தும்போது மூன்றாவது விதியில் மட்டும் கைவைக்கக் கூடாது.

வணக்கம்.