ஏற்காட்டு உயரத்தில் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது?

(காட்சி: இளம்பிள்ளையில் ஒரு விசைத்தறிக் கூடம், அந்தி நேரம்)

வணக்கம். பகல் முழுவதும் மின்சாரம் தந்த சூரியத் தகடுகள் ஓய்ந்துவிடும் நேரம் இது. தறிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன, வீடுகளில் விளக்கும் மின்விசிறியும் சேர்ந்துகொள்கின்றன. மின் நிலையங்களையும் நம் வீடுகளையும் இணைக்கும் மின்தொகுப்பில் உற்பத்தியும் பயன்பாடும் நொடிக்கு நொடி சமமாக இருந்தாக வேண்டும்; உற்பத்தி குறைந்தால் 50 ஹெர்ட்ஸ் என்ற அதிர்வெண், அதாவது மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலையும் வேகம், சரியத் தொடங்கும், சரிவு நீடித்தால் சில பகுதிகளுக்கு மின்சாரத்தை நிறுத்துவதைத் தவிர வழியிருக்காது. நண்பகலில் மிஞ்சும் மின்சாரத்தை மாலைக்கு எடுத்து வைக்க முடியுமா என்பதே கேள்வி.

(காட்சி: சேலத்திலிருந்து தெரியும் சேர்வராயன் மலை)

முதல் வழி, தண்ணீரை மேலே ஏற்றி வைப்பது. சேலம் நகரத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே சுமார் 1,200 மீட்டர் உயர வேறுபாடு உண்டு. மொட்டை மாடித் தொட்டியில் நிற்கும் 1,000 லிட்டர் தண்ணீரை அவ்வளவு உயரத்துக்கு ஏற்றிவிட்டு, இழப்பே இல்லாமல் இறக்கினால் கிடைப்பது ஏறத்தாழ 3.3 யூனிட். வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றின் கொள்ளளவு 1.8 யூனிட், ஆக, மலையுச்சியில் ஒரு தொட்டித் தண்ணீர் இரண்டு இன்வெர்ட்டர் பேட்டரிகளுக்குக்கூட ஈடாகாது. உயரம் மட்டும் போதாது, மேலேயும் கீழேயும் பெரிய நீர்த்தேக்கங்கள் வேண்டும் என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது. ஏற்காட்டு ஏரி அதற்குரிய அளவுடையதன்று.

(காட்சி: மேட்டூர் அணை)

அப்படியானால் மேட்டூர் போதாதா என்று கேட்கலாம். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த அணையில் புனல் மின் நிலையங்கள் உள்ளன. ஆனால் இங்கிருந்து திறக்கப்படும் தண்ணீர் முதலில் டெல்டாவின் வயல்களுக்கு உரியது. எப்போது, எவ்வளவு திறப்பது என்பதைப் பாசனம்தான் தீர்மானிக்கிறது, மாலை நேர மின்தேவை அன்று. அது அப்படியே இருப்பதுதான் நியாயம்.

கோவை மாவட்டத்தின் காடம்பாறை வேறு வகை. 400 மெகாவாட் திறனுள்ள அந்த நீரேற்று மின் நிலையத்தில், மேல் ஆழியாறு அணையின் தண்ணீர் மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேலே ஏற்றப்பட்டு, தட்டுப்பாடு வரும் நேரத்தில் அதே இயந்திரங்களின் வழியாகத் திரும்ப இறக்கப்படுகிறது. இத்தகைய நிலையங்களில் பொதுவாக நான்கு யூனிட் செலவிட்டால் மூன்று யூனிட் அளவில் திரும்பக் கிடைக்கும். இந்த இழப்பை வீண் என்று சொல்ல மாட்டேன்; ஏற்றாமல் விட்டிருந்தால் அந்த நான்கு யூனிட்டும் உற்பத்தியாகாமலே போயிருக்கக்கூடும்.

(காட்சி: துணை மின் நிலையத்தில் வரிசையாக நிற்கும் பேட்டரிப் பெட்டகங்கள்)

இரண்டாம் வழி பேட்டரி. அதன் பலம் வேகம். மலை தோண்டாமல், துணை மின் நிலையத்தின் வளாகத்திலேயே வைத்துவிடலாம்; அதிர்வெண் சரிந்தால் ஒரு நொடிக்குள்ளேயே மின்சாரம் தரத் தொடங்கும். இப்போது பரவலாகப் பயன்படுவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. வெப்பம் அதன் ஆயுளைக் குறைக்கும் என்பதால், சேலத்துச் சித்திரை வெயிலில் பெட்டகத்தைக் குளிர்விப்பதற்கே ஓரளவு மின்சாரம் போய்விடும்.

திறனையும் கொள்ளளவையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒரே நேரத்தில் எவ்வளவு தர முடியும் என்பது திறன், மொத்தம் எவ்வளவு தேக்கி வைக்க முடியும் என்பது கொள்ளளவு; ஒரு மெகாவாட் ஒரு மணி நேரம் தந்தால் 1,000 யூனிட். 2017இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஹார்ன்ஸ்டேலில் ஒரு பேட்டரி நிறுவப்பட்டபோது அதன் திறன் 100 மெகாவாட், கொள்ளளவு 1,29,000 யூனிட். முழுத் திறனில் கொடுத்தால் ஒன்றேகால் மணி நேரத்தில் ஏறக்குறைய தீர்ந்துவிடும். அதிர்வெண்ணைத் தாங்கிப் பிடிக்க அது போதும். ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை தறிகளை ஓட்ட, அதே திறனுக்கு 4,00,000 யூனிட் வேண்டும். எத்தனை மெகாவாட் என்ற செய்தியைப் படிக்கும்போது, எத்தனை மணி நேரத்துக்கு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

(காட்சி: ஆரல்வாய்மொழி காற்றாலைகள்)

மணிக்கணக்கு இவ்வாறு தீரும், மாதக்கணக்கு தீராது. தமிழகக் காற்றாலைகள் வைகாசி முதல் புரட்டாசி வரை பெருமளவு உற்பத்தி செய்து, ஐப்பசிக்குப் பிறகு தளர்கின்றன. ஆடிக் காற்றின் மின்சாரத்தை மார்கழி வரை தேக்கி வைக்கும் அளவுக்குப் பேட்டரியோ நீர்த்தேக்கமோ இன்று நம்மிடம் இல்லை. ஆகையால் மேட்டூர் அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.